பத்து நிமிட மேக்கப்: நடிகைகளிடமிருந்து எதை எடுக்கலாம், எதை விடலாம்

புதிதாக மேக்கப் பழக நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரு நடிகையின் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறார்கள். அதில் தப்பே இல்லை. ஆனால் அந்தப் படத்தில் இருப்பது இரண்டு மூன்று பேர் சேர்ந்து நிதானமாக வேலை பார்த்த முகம். கேமராவுக்கும் மேலே அடிக்கிற விளக்குக்கும் கணக்குப் பண்ணிப் போட்டது. அதை அப்படியே போட்டுக்கொண்டு மே மாதத்தில் காலை எட்டரை மணிக்குத் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால், கிண்டி வருவதற்குள் பாதி கழுத்துக்கு இறங்கிவிடும்.

அதனால் என் கட்சி இதுதான்: நடிகையின் முழு முகத்தையும் எடுக்காதீர்கள். கண்ணோ உதடோ பொட்டோ, ஏதாவது ஒன்றை மட்டும் எடுங்கள். மீதி உங்கள் முகமாகவே இருக்கட்டும். தினமும் போட்டுக்கொள்வது எப்படி என்பதை முதலில் பார்த்துவிடலாம். அது கைக்கு வந்துவிட்டால் நடிகைகளிடம் போகலாம்.

முதலில் பையில் என்ன வேண்டும்

அழகு சாதனக் கடைக்குள் நுழைந்தாலே தலை சுற்றும். பிரைமர், கான்டூர், ஹைலைட்டர், நாற்பது நிறம் அடுக்கிய ஐ ஷேடோ தட்டு என்று எடுத்துப் போட ஆரம்பித்தால் பில் எங்கேயோ போய் நிற்கும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அதில் பாதி உறைகூடப் பிரிக்காமல் கிடக்கும். ஆரம்பிப்பவருக்கு ஐந்து பொருள் போதும்: ஒரு மாய்ஸ்சரைசர், ஒரு சன்ஸ்க்ரீன், முகத்தின் நிறத்தைச் சீராக்க உங்கள் நிறத்துக்குப் பொருந்தும் லேசான பேஸ் ஒன்று, ஒரு காஜல், ஒரு லிப்ஸ்டிக். கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தால் ஆறாவதாக, அந்தக் கருமையை அடக்கும் ஓர் ஆரஞ்சு கரெக்டர். பேஸ் என்றால் கெட்டியான ஃபவுண்டேஷன்தான் வேண்டும் என்பதில்லை. ஸ்கின் டின்ட், பிபி க்ரீம், வெறும் காம்பாக்ட் எதுவானாலும் சரி.

காசை எதில் போடுவது என்று கேட்டால், பேஸிலும் சன்ஸ்க்ரீனிலும் போடுங்கள். காஜல் இருநூறு முந்நூறு ரூபாயிலேயே நன்றாகக் கிடைக்கிறது. லிப்ஸ்டிக்கும் அப்படித்தான்.

இப்போது நடிகைகள் தாங்களே கம்பெனி ஆரம்பிக்கிறார்கள். கத்ரீனா கைஃப் 2019-ல் கே பியூட்டி என்று தொடங்கினார். நயன்தாரா 2023-ல் 9ஸ்கின் என்று தோல் பராமரிப்புப் பொருள்கள் கொண்டுவந்தார். பெயரைப் பார்த்து வாங்க வேண்டாம். மேக்கப் பொருள் என்றால் உங்கள் நிறம் அந்த வரிசையில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பத்து ஷேடில் எட்டு வெளுப்பாகவும் கடைசி இரண்டு மட்டும் போனால் போகிறதென்று மாநிறமாகவும் இருந்தால், அது உங்களுக்காகச் செய்த பொருள் இல்லை.

எங்கே வாங்கினாலும், பெட்டியில் பேட்ச் எண், தயாரிப்பு உரிம எண், காலாவதித் தேதி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆயிரம் ரூபாய்ப் பொருள் நடைபாதையில் நூற்றைம்பதுக்குக் கிடைக்கிறது என்றால் அது டூப்ளிகேட். வளையல், கிளிப் விஷயத்தில் பேரம் பேசுங்கள். கண்ணுக்குள்ளும் உதட்டிலும் போகிற பொருளில் வேண்டாம்.

நிறம் பார்த்து எடுப்பது

புதியவர்கள் பணத்தையும் நிம்மதியையும் அதிகம் தொலைப்பது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடையில் விற்பனைப் பெண் உங்கள் கையைப் பிடித்து, மணிக்கட்டின் உள்பக்கம் இரண்டு கோடு இழுத்து, "இது போட்டா நல்லா பிரைட்டா தெரியும் மேடம்" என்பார். அவர் இழுத்த கோடு உங்களைவிட இரண்டு படி வெளுப்பாக இருக்கும். மணிக்கட்டின் உள்பக்கம் வெயில் படாத இடம். அந்த நிறம் யாருடைய முகத்துக்கும் பொருந்தாது. நம் தோலில் வெளுப்பான ஃபவுண்டேஷன் பிரகாசமாகத் தெரியாது, சாம்பல் பூத்துத் தெரியும். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், காது வேறொரு நிறம் என்று ஆகிவிடும். கல்யாண ஆல்பங்களில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

சோதிக்க வேண்டிய இடம் தாடை எலும்பு. கன்னத்திலிருந்து கழுத்தை நோக்கி விரல் நீளத்துக்கு மூன்று ஷேடை அடுத்தடுத்து இழுங்கள். கடை விளக்கில் முடிவெடுக்காமல் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதுதான் உங்கள் ஷேடு. உடனே பில் போட்டுவிடாமல் ஒரு கால் மணி நேரம் வேறு கடை பார்த்துவிட்டு வாருங்கள். பல ஃபவுண்டேஷன்கள் காற்றும் தோலின் எண்ணெயும் பட்டதும் அரைப் படி கருக்கும். அப்போதும் கோடு தெரியாமல் இருந்தால் வாங்கலாம்.

வார்ம், கூல், நியூட்ரல் என்று எழுதியிருப்பது தோலுக்கு அடியில் தெரியும் சாயல். மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கச் சொல்வார்கள். மாநிறத்துக்கு மேல் கருத்த தோலில் நரம்பே சரியாகத் தெரியாது, அதனால் அந்தச் சோதனையை விட்டுவிடுங்கள். தங்க நகை எடுப்பாக இருக்கிறதா, வெள்ளி எடுப்பாக இருக்கிறதா என்று பார்ப்பது பரவாயில்லை. தங்கம் என்றால் மஞ்சள் சாயலுள்ள வார்ம், வெள்ளி என்றால் கூல், இரண்டும் என்றால் நியூட்ரல். நம் ஊரில் பெரும்பாலோருக்கு மஞ்சளோ ஆலிவோ கலந்த சாயல்தான். ரோஜா நிறச் சாயலுள்ள பேஸ் எடுத்தால் முகம் மட்டும் தனியாகத் தெரியும்.

மஞ்சள் பூசிக் குளிக்கும் வழக்கம் உள்ளவர்கள் பூசாத நாளில் போய் ஷேடு பாருங்கள். அப்புறம், நம்மில் பலருக்கு நெற்றியும் வாயைச் சுற்றிய இடமும் கருத்து, கன்னம் சற்று வெளுத்து இருக்கும். கன்னத்துக்கு ஷேடு எடுத்தால் நெற்றி மாட்டேன் என்னும். தாடையையும் கழுத்தையும் வைத்து எடுங்கள். மீதி தானாகச் சேர்ந்துகொள்ளும்.

வெளுப்பாக்கும் க்ரீம் பற்றி ஒரு வார்த்தை. ஒரு வாரத்தில் பளிச்சென்று ஆக்கும் பெயர் தெரியாத க்ரீம்களில் ஸ்டீராய்டோ பாதரசமோ இருக்கக்கூடும். ஸ்டீராய்டு தோலை மெலிதாக்கி, பருவைக் கிளப்பி, முகத்தில் முடியும் வளர வைக்கும். பாதரசம் அதைவிட மோசம். 2023-ல் கேரளத்தின் மலப்புரம் பக்கம் சிறுநீரகப் பாதிப்போடு வந்தவர்களை விசாரித்த மருத்துவர்கள், அவர்களில் பலர் அப்படிப்பட்ட க்ரீம்களைப் பூசி வந்ததைக் கண்டுபிடித்தார்கள். சென்னையில் இயங்கும் விமன் ஆஃப் வொர்த் அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற இயக்கத்தைத் தொடங்கியது 2009-ல். ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை எடுத்தது 2020-ல். பெயர்ப்பலகை மாறியிருக்கிறது. கடைக்காரர்களின் கை இன்னும் வெளுப்பான ஷேடுக்குத்தான் முதலில் போகிறது.

காலையில் பத்து நிமிடம்

தலைக்கு எண்ணெய் வைக்கிறவர்கள் முதலில் நெற்றி ஓரத்தையும் காது பக்கத்தையும் துணியால் துடைத்துவிடுங்கள். அந்த எண்ணெய் இறங்கினால் எந்த மேக்கப்பும் நிற்காது. நெற்றிப் பருவுக்கும் அது ஒரு காரணம்.

முகம் கழுவி, ஈரம் லேசாக இருக்கும்போதே மாய்ஸ்சரைசர் போடுங்கள். எண்ணெய்ப் பசை உள்ள முகத்துக்கு மாய்ஸ்சரைசர் தேவையில்லை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். வறண்ட தோலில் பேஸ் திட்டுத் திட்டாக ஒட்டும். எண்ணெய்த் தோலானாலும் ஜெல் வகை ஒன்று லேசாகப் போடுவது நல்லது.

அடுத்தது சன்ஸ்க்ரீன். இந்த ஐந்தில் ஒன்றை மட்டும்தான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள். டப்பாவில் எஸ்பிஎஃப் என்று ஓர் எண் இருக்கும். எஸ்பிஎஃப் 30 என்பது வெயிலில் தோலைச் சிவக்க வைக்கும் புற ஊதாக் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்பது சுமார் 98 சதவீதத்தை. வித்தியாசம் அவ்வளவுதான். எவ்வளவு போடுகிறோம் என்பதுதான் முக்கியம்: முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஆள்காட்டி விரல், நடு விரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கிய அளவு வேண்டும். பொட்டு வைக்கிற அளவுக்குத் தொட்டுத் தடவினால் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. சிலது வெள்ளையாகப் படிந்து நிற்கும். அப்படி நிற்காத ஜெல் வகையோ நிறம் கலந்த டின்டட் வகையோ எடுங்கள். முகத்தில் மங்கு என்னும் கருந்திட்டு இருப்பவர்களுக்கு டின்டட் வகைதான் பொருத்தம், ஏனென்றால் அதில் நிறத்துக்காகச் சேர்க்கும் இரும்பு ஆக்சைடு, அந்தத் திட்டை அதிகப்படுத்தும் சாதாரண வெளிச்சத்தையும் ஓரளவு தடுக்கிறது. போட்டுவிட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். அதற்குள் புடவை கட்டலாம், டிபன் பாக்ஸ் கட்டலாம். அவசரப்பட்டு மேலே பேஸைத் தேய்த்தால் இரண்டும் சேர்ந்து திரி திரியாக உருண்டு வரும்.

கருவளையத்துக்கு, குறையை மறைக்கப் போடும் கன்சீலரை மட்டும் போட்டால் அந்த இடம் சாம்பல் நிறத்தில் இன்னும் பளிச்சென்று தெரியும். கருமைக்குள் இருக்கும் நீலத்தை அடக்க அதற்கு எதிர்நிறமான ஆரஞ்சு வேண்டும். மாநிறத்துக்கும் அதற்கு மேலும் ஆரஞ்சு, வெளுத்த தோலுக்குப் பீச். மோதிர விரலால் அரிசியளவு எடுத்து, கருத்த இடத்தில் மட்டும் தட்டித் தட்டி ஒட்டுங்கள், இழுக்க வேண்டாம். அதன் மேல் பேஸ். வாயைச் சுற்றிய கருமைக்கும் இதே முறைதான்.

பேஸை முகம் முழுக்க அப்ப வேண்டாம். ஒரு பட்டாணி அளவு எடுத்து மூக்கின் இரு பக்கமும், வாயைச் சுற்றியும், நெற்றி நடுவிலும் புள்ளி வைத்து வெளிப்பக்கமாகப் பரப்புங்கள். நிறம் சீராக இல்லாத இடத்தில்தான் அது தேவை. கன்னத்தின் ஓரமும் காதுப் பக்கமும் சும்மா இருக்கட்டும். ஈரமான ஸ்பாஞ்ச் இருந்தால் நன்று. இல்லாவிட்டால் சுத்தமான விரலே போதும், விரலின் சூட்டில் க்ரீம் நன்றாகப் படியும். முடித்ததும் கழுத்தோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே கோடு தெரிந்தால் கைக்குட்டையால் ஒற்றி எடுங்கள்.

பவுடர் நெற்றி, மூக்கு, தாடை மூன்று இடத்துக்கு மட்டும். காம்பாக்ட் பஃபை அழுத்தி ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். குழந்தைக்குப் போடுகிற வெள்ளை டால்கம் பவுடரை இதற்குப் பயன்படுத்தினால் வியர்வை பட்டதும் கோடு கோடாக வழியும்.

புருவத்தில் இடைவெளி இருந்தால் கருப்புப் பென்சில் வேண்டாம், அடர் பிரவுன் எடுத்து முடி போலச் சின்னச் சின்னக் கோடாகப் போடுங்கள். த்ரெட்டிங் செய்த அன்று அந்த இடத்தில் எதையும் தொடாமல் இருப்பது நல்லது.

ப்ளஷ் வாங்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். லிப்ஸ்டிக்கை விரலில் தொட்டுக் கன்ன மேட்டில் இரண்டு தட்டுத் தட்டிப் பரப்பினால் அதுதான் ப்ளஷ். கன்னமும் உதடும் ஒரே நிறத்தில் இருப்பதால் பொருத்தம் பார்க்கிற வேலையும் மிச்சம். பவுடருக்கு முன்னால் செய்தால் இன்னும் நன்றாகச் சேரும்.

லிப்ஸ்டிக்கில், 'நியூட்' என்று எழுதியிருப்பதை நம்பி வாங்காதீர்கள். அந்த வார்த்தை யாரோ ஒருவருடைய உதட்டு நிறம். வெளுத்த பழுப்பு நியூட் மாநிறத்தில் போட்டால் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் மாதிரி இருக்கும். உங்கள் உதட்டின் சொந்த நிறத்தைவிட ஒரு படி அடர்த்தியானதுதான் உங்கள் நியூட்: பிரவுன் கலந்த ரோஜா, செங்கல் நிறம், காய்ந்த மிளகாய்ச் சிவப்பை நோக்கிப் போகும் பிரவுன். கருத்த தோலுக்கு நாவல்பழ நிறமும் மரூனும் எவ்வளவு எடுப்பாக இருக்கும் என்பதை ஒருமுறை போட்டுப் பார்த்தால்தான் தெரியும். மேல் உதடு கருத்தும் கீழ் உதடு வெளுத்தும் இருந்தால், அதே நிறப் பென்சிலால் முதலில் உதடு முழுக்க ஒரு பூச்சு. போட்ட பிறகு டிஷ்யூ பேப்பரை ஒருமுறை கடித்து எடுங்கள். காபி டம்ளரில் ஒட்டுவது பாதியாகக் குறையும்.

மை வழிகிற பிரச்சினை

காலையில் எழுதிய மை பதினொரு மணிக்குக் கண்ணுக்குக் கீழே இறங்கி, தூங்காதவர் மாதிரி ஆக்கிவிடுவதுதான் நம் ஊர்ப் பெண்களின் நிரந்தரப் புகார். காஜலில் இருப்பது மெழுகும் எண்ணெயும். தோலின் எண்ணெயும் வியர்வையும் சூடும் சேர்ந்தால் அது இளகத்தான் செய்யும். விலை உயர்ந்ததாக வாங்கிவிட்டால் தீர்ந்துவிடும் என்றில்லை. முறை கொஞ்சம் மாறினால் அநேகமாகத் தீரும்.

கண்ணுக்குக் கீழே சன்ஸ்க்ரீனும் கரெக்டரும் போட்ட இடத்தை மை எழுதும் முன் டிஷ்யூவால் ஒருமுறை ஒற்றி, காம்பாக்டைத் தொட்ட பஃபின் ஓரத்தால் அழுத்துங்கள். அந்தப் பிசுபிசுப்புதான் மையைக் கீழே இழுக்கிறது. பிறகு ஒரு பட்ஸால் கண்ணின் நீர்க்கோட்டை, அதாவது இமை முடிக்கு உள்பக்கம் இருக்கும் ஈர விளிம்பைத் துடைத்துவிட்டு எழுதுங்கள். கீழ்க்கண்ணில் உள்மூலையிலிருந்து வெளிமூலை வரை முழுக்க இழுக்காமல், வெளிப்பக்கம் மூன்றில் இரண்டு பங்கு எழுதினால் போதும். உள்மூலையில்தான் கண்ணீர் சேரும், வழிவதும் அங்கேதான் ஆரம்பிக்கும். கடைசியாக, அடர் பிரவுன் அல்லது கருப்பு ஐ ஷேடோவைச் சின்ன பிரஷில் தொட்டு, எழுதிய கோட்டின் மேல் அழுத்திவிடுங்கள். ஐ ஷேடோ இல்லாதவர்கள் இரண்டு நிமிடம் பொறுத்து, அதே கோட்டில் இன்னொரு முறை எழுதலாம்.

இத்தனைக்கும் பிறகும் வழிகிற கண்கள் உண்டு. அவர்கள் கீழே எழுதுவதை விட்டுவிட்டு, மேல் இமையின் முடி வேர்களுக்கு நடுவே மட்டும் எழுதலாம். வெளியிலிருந்து பார்த்தால் கோடே தெரியாது, ஆனால் இமை முடி அடர்த்தியாகத் தெரியும், கண் பெரிதாகும்.

வீட்டில் விளக்கெண்ணெய் ஊற்றித் திரி எரித்து, புகைக் கரியைச் சேர்த்துச் செய்யும் மை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்கள். அது சீக்கிரம் வழியும், அதனால் வெளியே போகும்போது சரிப்படாது. சுர்மா என்று பொடியாக விற்பதைத் தொடவே தொடாதீர்கள். அதில் பலவற்றில் காரீயம் இருப்பது பல நாடுகளில் நடந்த சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. பிறந்த குழந்தைக்குக் கண்ணுக்குள் மை இடுவதும் வேண்டாம். திருஷ்டிக்கு வேண்டுமானால் உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள், பாட்டியும் சமாதானமாகிவிடுவார்.

இப்போது நடிகைகள்

சாவித்திரி, சரோஜாதேவி காலத்துக் கண்ணிலிருந்து ஆரம்பிக்கலாம். மேல் இமையில் தடித்த கோடு, கண் முடிந்த பிறகும் நிற்காமல் வெளியே நீண்டு மேல்நோக்கி ஏறும் வால். கருப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாது. கண்ணின் வடிவத்தைக் கடைசி வரிசைக்காரருக்கும் காட்ட அந்தக் கோடு தேவைப்பட்டது. முகத்துக்கு அப்போது பான்கேக், அதாவது மேக்ஸ் ஃபேக்டர் நிறுவனம் 1930களின் கடைசியில் கொண்டுவந்த, தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்சால் பூசும் கெட்டிப் பூச்சு. 2018-ல் 'நடிகையர் திலகம்' படத்தில் கீர்த்தி சுரேஷ் சாவித்திரியாக வந்த பிறகு இளம்பெண்களிடம் அந்தக் கண் மறுபடியும் ஒரு சுற்று வந்தது.

அதிலிருந்து வாலை மட்டும் எடுங்கள். கண்ணாடியை முகத்துக்கு நேராக வைத்து, நேராகப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டோ தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டோ போட்டால், விட்டதும் கோடு கோணிக்கொள்ளும். கீழ் இமையின் வளைவு அப்படியே மேலே தொடர்ந்தால் புருவத்தின் கடைசி முனையை நோக்கிப் போகும் அல்லவா, அந்தத் திசையில் கண் மூலையிலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளி ஒரு புள்ளி வையுங்கள். இன்னொரு கண்ணுக்கும் முதலில் புள்ளியை மட்டும் வைத்து, இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கண்ணை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதால்தான் இரண்டு கண்ணும் இரண்டு ஊரைப் பார்க்கின்றன. அப்புறம் புள்ளியிலிருந்து மேல் இமையின் நடுவுக்கு ஒரு மெல்லிய கோடு, அங்கிருந்து முடி வேரை ஒட்டிச் சின்னச் சின்ன இழுப்பாக உள்பக்கம், கடைசியாக நடுவில் நிரப்புவது. பிசிறை, மேக்கப் துடைக்கும் மைசெல்லார் வாட்டரில் தொட்ட பட்ஸால் சீவிவிடலாம். பழகும் வரை பேனா போன்ற முனையுள்ள லைனர்தான் எளிது. அந்தக் காலத்தில் கீழேயும் தடித்துப் போட்டார்கள். ஆபீஸுக்கு அது அதிகம், கொலு பார்க்கப் போகும்போது போட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கண் போட்ட நாளில் உதடு அமைதியாக இருக்க வேண்டும்.

அடுத்தவர் சாய் பல்லவி. 2015-ல் வந்த 'பிரேமம்' படத்தில் அவர் நடித்த மலர் டீச்சருக்குப் பரு இருந்தது, கன்னச் சிவப்பு இருந்தது, யாரும் மறைக்கவில்லை. அதற்கு முன் பருவை மறைக்கக் கன்சீலரைக் குழைத்துக் குழைத்துப் பூசியவர்கள் எத்தனை பேருக்கு அது நிம்மதியாக இருந்திருக்கும்! சிவப்பழகு க்ரீம் விளம்பரம் ஒன்றை அவர் மறுத்த செய்தி 2019-ல் பெரிதாகப் பேசப்பட்டது. இந்தத் தோற்றம் வேண்டுமானால் பேஸையே விட்டுவிடுங்கள். சன்ஸ்க்ரீன், கரெக்டர் தேவைப்பட்ட இடத்தில் மட்டும், புருவத்தை ஒரு சுத்தமான பழைய மஸ்காரா பிரஷால் சீவிவிடுவது, உதட்டுக்கு நிறம் கலந்த பாம். நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். தோலைக் கவனித்துக்கொண்டால்தான் இது எடுபடும். பரு நிறைய இருந்தால் மேக்கப் வீடியோ பார்ப்பதைவிடத் தோல் மருத்துவரை ஒருமுறை பார்ப்பது லாபம்.

2018-ல் '96' வந்தபோது ஜானுவாக வந்த திரிஷாவின் மஞ்சள் குர்தாவைப் பலர் தேடித் தேடி வாங்கினார்கள். குர்தாவைப் பார்த்தவர்கள் முகத்தையும் கொஞ்சம் பார்த்திருக்கலாம். ஓர் இரவு முழுக்க அலைகிற பெண், அதற்கேற்ற முகம்: கண்ணில் மை, உதட்டில் கண்ணை உறுத்தாத நிறம், அவ்வளவுதான். வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான மாதிரி எனக்குத் தெரியவில்லை. மேலே சொன்ன பத்து நிமிடத்தில் வருவதும் ஏறக்குறைய இந்த முகம்தான். மாலையில் அப்படியே விசேஷத்துக்குப் போக வேண்டுமென்றால், கீழ்க்கண்ணின் மையை பட்ஸால் வெளிப்பக்கமாக லேசாகக் கலைத்துவிட்டு, உதட்டை மட்டும் ஒரு படி அடர்த்தியாக்குங்கள்.

நயன்தாராவின் கல்யாணப் படங்கள், 2022 ஜூன் 9, மாமல்லபுரம். சிவப்புப் புடவை, கழுத்து நிறைய அடுக்கடுக்காக மரகதம். இவ்வளவு நகைக்கும் சேலைக்கும் நடுவில் முகத்தை அடக்கி வாசித்திருந்தார்கள். கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிற எல்லோரும் கவனிக்க வேண்டிய இடம் இது: பட்டும் நகையும் பேசட்டும், முகம் கூடவே கத்த வேண்டாம். அடர் நிறப் பட்டு கட்டும்போது மினுங்கும் ஐ ஷேடோ, பளபள ஹைலைட்டர், ரத்தச் சிவப்பு உதடு மூன்றில் ஒன்றுக்கு மேல் எடுக்காதீர்கள்.

கல்யாண மண்டபத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. மேக்கப் கலையாமல் நிற்கப் போடும் வெள்ளையான செட்டிங் பவுடர் கண்ணாடியில் கண்ணுக்கே தெரியாது. ஃபிளாஷ் அடித்ததும் கண்ணுக்குக் கீழே வெள்ளைத் திட்டாகக் குதிக்கும். கிளம்பும் முன் கைப்பேசியில் ஃபிளாஷ் போட்டு ஒரு செல்ஃபி எடுத்துப் பாருங்கள். வெளுத்துத் தெரிந்தால், பிரஷால் தட்டி, உங்கள் நிறக் காம்பாக்டை மேலே ஒற்றுங்கள்.

பொட்டு பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பெரிய வட்டப் பொட்டு ஒன்று வைத்தாலே முகம் முடிந்துவிடுகிற பெண்கள் இருக்கிறார்கள். ஆனால் ஸ்டிக்கர் பொட்டை ஒரே இடத்தில் வருடக்கணக்கில் ஒட்டினால் சிலருக்கு அங்கே அரிக்கும், சிலருக்கு வெள்ளையாக நிறம் போய்விடும். ஒட்டும் பசையில் இருக்கும் ஒரு வகை ஃபீனால்தான் காரணம். அரிப்பு ஆரம்பித்ததுமே ஸ்டிக்கரை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். இரவில் எடுத்துவைப்பதை எல்லோருமே பழக்கமாக்கிக்கொள்ளலாம், குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிவைக்காமல்.

நடுப்பகலும் ராத்திரியும்

மதியம் முகம் மினுங்கினால் அதன் மேல் மறுபடி பவுடர் போடாதீர்கள். முதலில் டிஷ்யூவால் எண்ணெயை ஒற்றி எடுங்கள், பிறகு தேவைப்பட்டால் மட்டும் பவுடர். எண்ணெய் மேலேயே பவுடர் பூசினால் சாயங்காலம் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர்தான். வெயிலில் அலைகிற வேலை என்றால் சன்ஸ்க்ரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். மேக்கப் கலையாமல் போட ஸ்டிக் வகை வசதி.

எவ்வளவு களைப்பானாலும் மேக்கப்போடு தூங்கக் கூடாது. வெறும் சோப்புப் போட்டுத் தேய்த்தால் காஜலும் மேட் லிப்ஸ்டிக்கும் போகாது. கண் எரியும், அவ்வளவுதான். மைசெல்லார் வாட்டரில் நனைத்த பஞ்சை மூடிய கண்மேல் சில விநாடி வைத்திருந்து, பிறகு மெதுவாகத் துடைத்தால் மை தானாக வரும். அப்புறம் ஃபேஸ் வாஷ். தேங்காய் எண்ணெயும் மையைக் கரைக்கும்; பரு வருகிற முகம் என்றால் அதைக் கண்ணைத் தாண்டி வர விடாதீர்கள்.

புதிதாக வாங்கிய எதையும் நேராக முகத்தில் போட வேண்டாம். காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்பக்கமோ கொஞ்சம் தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் அது உங்களுக்கு இல்லை. கடையில் இருக்கும் டெஸ்டரைக் கண்ணிலோ உதட்டிலோ வைக்காதீர்கள். உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் வைத்தார்களோ.

பொருள்களின் பின்னால் திறந்த டப்பா போல ஒரு சின்னப் படமும், அதற்குள் 6 எம், 12 எம் என்று எண்ணும் இருக்கும். திறந்த நாளிலிருந்து அத்தனை மாதம் என்று அர்த்தம். மூடியில் பேனாவால் திறந்த மாதத்தை எழுதிவைத்துவிடுங்கள். மஸ்காராவை மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் தூக்கிப் போட வேண்டும். ஸ்பாஞ்சை வாரம் ஒருமுறையாவது சோப்பில் அலசி, நிழலில் நன்றாகக் காய விடுங்கள். ஈரத்தோடு பைக்குள் போட்டால் பூஞ்சை பிடிக்கும். லிப்ஸ்டிக்கில் பழைய எண்ணெய் வாடை அடித்தால் தேதி பார்க்கத் தேவையில்லை. காஜலை மட்டும் கூடப் பிறந்த அக்காவாக இருந்தாலும் கடன் கொடுக்காதீர்கள், வாங்கவும் வாங்காதீர்கள். கண்வலி வந்த வாரத்தில் பயன்படுத்திய காஜல் நேற்று வாங்கியதாகவே இருந்தாலும் குப்பைக்குத்தான்.